சன்னலை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்?

பழைய கட்டடங்களில் செய்யப்படும் மாற்றங்களை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் வழியே ஒரு பார்வை

லிட்டில் இந்தியாவில் ஈரடுக்குக் கடைவீடு ஒன்று உங்கள் குடும்பத்துக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே மளிகைக் கடை, மேலே சரக்கறை. கட்டடத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது. மேல்மாடியைச் சீரமைத்து வாடகைக்கு விட்டால் உங்கள் மேற்படிப்புச் செலவுக்கு உதவும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுகிறார்கள்.

ஒன்று, ஒழுகும் களிமண் ஓடுகளை அகற்றிவிட்டு உலோகத் தகடு போடுவது. இரண்டு, மேல்மாடி மரச் சன்னல்களுக்குப் பதிலாக அலுமினியச் சன்னல்கள் வைப்பது. மூன்று, வீட்டின் நடுவே வானம் தெரியும் காற்றுக்கிணற்றைத் தளம் போட்டு மூடி, கூடுதலாக ஓர் அறை கட்டுவது. நான்கு, குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிகளைத் தெருவைப் பார்த்த முகப்புச் சுவரில் பொருத்துவது. ஐந்து, மேல்மாடியை அலுவலகமாக மாற்றிப் புதிய கழிவறையும் மின்கம்பிகளும் அமைப்பது.

சொந்தக் கட்டடம், சொந்தப் பணம். ஆனாலும் இந்த ஐந்துக்கும் அனுமதி வேண்டும். எவற்றுக்குக் கிடைக்கும், எவற்றுக்குக் கிடைக்காது? மேலே படிப்பதற்குமுன் நீங்களே ஊகித்துப் பாருங்கள்.

ஐந்து கோரிக்கைகள், ஐந்து பதில்கள்

லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7ஆம் தேதி பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் மாற்றம் செய்ய விரும்புபவர் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். உரிமையாளர் முதலில் கட்டடக் கலைஞரை அமர்த்துகிறார். கட்டடம் இப்போது எப்படி இருக்கிறது என்பதை அளந்து வரைபடம் தயாரிக்க வேண்டும், படங்களும் எடுக்க வேண்டும். எதை வைத்துக்கொள்ளப் போகிறோம், எதைப் பழுதுபார்க்கப் போகிறோம், எதைப் புதிதாகச் சேர்க்கப் போகிறோம் என்று வரைபடத்தில் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

ஆணையத்தின் வழிகாட்டி நெறிமுறைகளை வைத்துப் பார்த்தால், பட்டியலில் முதல் நான்கும் அப்படியே ஏற்கப்படாது. கூரையில் மெருகு பூசாத இயற்கை நிறக் களிமண் ஓடுகளே இருக்க வேண்டும். ஒழுகலைத் தடுக்க ஓட்டுக்கு அடியில் நீர்புகாத விரிப்பு போடலாம். மரச் சன்னல்களைப் பழுதுபார்க்க வேண்டும். உளுத்துப்போயிருந்தால் அதே வடிவில் மரத்தாலேயே மீண்டும் செய்ய வேண்டும். காற்றுக்கிணறு இருந்த இடத்தில் இருக்க வேண்டும். குளிர்சாதன வெளிப்பெட்டி வைக்கலாம், ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி பின்பக்கத்தில்.

ஐந்தாவது கோரிக்கைக்கு வழி உண்டு. கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் தனி அனுமதி கேட்க வேண்டும் என்றாலும், பழைய கட்டடத்தில் புதிய வேலை நடப்பதை ஆணையம் எதிர்ப்பதில்லை. ஆளில்லாத கட்டடம் சீக்கிரம் பாழாகும். குடியிருப்பவரும் தொழில் செய்பவரும் இருந்தால்தான் கூரை ஒழுகுவதை யாராவது கவனிப்பார்கள்.

இந்தப் பதில்களுக்குப் பின்னால் மூன்று கொள்கைகள் இருக்கின்றன. இருப்பதில் இயன்றவரை அதிகமானதை வைத்துக்கொள்வது, மூல வடிவம் அறிந்து பக்குவமாக மீட்டெடுப்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது. புதிதாக மாற்றி வைப்பது, வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவு.

அழகுக்காக மட்டுமா?

ஒரு சன்னலுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். கடைவீடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

கடைவீடுகள் அகலத்தில் குறுகியவை, ஆழத்தில் நீண்டவை. மேல்தளத்தைத் தாங்கும் மர உத்தரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர்வரை செல்கின்றன. மரத்தின் நீளம் எவ்வளவோ, கட்டடத்தின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பக்கச் சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமானதன்று, அடுத்த வீட்டுக்கும் அதுவே சுவர். உங்கள் வீட்டில் ஒரு சுவரை இடித்தால் அடுத்த வீட்டின் உத்தரம் எதன்மேல் நிற்கும்? ஆகவே கடைவீட்டை வரிசையாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீண்ட கட்டடத்தின் நடுவில் இருட்டாகவும் புழுக்கமாகவும் இருக்கும். அங்கே வெளிச்சத்தையும் காற்றையும் கொண்டுவருவது காற்றுக்கிணறு. சூடான காற்று அதன் வழியே மேலே ஏறி வெளியேறும், தெருவிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். மின்விசிறி வருமுன் இந்த வெப்பநாட்டில் மக்கள் கண்டுபிடித்த தீர்வு அது.

சுவருக்கும் ஒரு கதை உண்டு. பழைய செங்கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்ட்டைப் பூசி, காற்றுப் புகாத சாயம் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சில ஆண்டுகளில் பூச்சு உப்பி உதிரும், செங்கல்லும் அரிக்கும். நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கட்டடத்துக்குக் கேடாக முடிவது இப்படித்தான்.

கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதை இன்னும் பழையது. வீடுகளின் முன்னால் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்பது 1822ல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழுவுக்குத் தந்த அறிவுறுத்தல்களில் ஒன்று. நிலம் தனியாருடையது, நடப்பதோ எல்லாரும். வெயிலிலும் மழையிலும் தேக்காவில் நனையாமல் நடக்க முடிவது, ஒவ்வொரு கடைக்காரரும் அந்த வரிசையைக் கெடுக்காமல் இருப்பதால்தான்.

எல்லாச் சட்டங்களும் ஒரே திசையில் இழுப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. மரத்தளத்தையும் மரப்படியையும் காப்பாற்ற வேண்டும் என்பது மரபுடைமை விதி. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் பத்திரமாக வெளியேற வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. சுவரும் கூரையும் பாரம் தாங்க வேண்டும் என்பது கட்டுமான விதி. நகர மறுசீரமைப்பு ஆணையம், சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை, கட்டட, கட்டுமான ஆணையம் ஆகிய மூன்றின் தேவைகளுக்கும் ஒரே வரைபடத்தில் விடை காண்பது கட்டடக் கலைஞரின் சவால்.

தெருவுக்குத் தெரு விதி மாறும்

இதே பட்டியலை ஜூ சியாட்டில் கடைவீடு வைத்திருக்கும் ஒருவர் கொடுத்தால் பதில் சற்று மாறும். லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவை வரலாற்று வட்டாரங்கள். அங்கே கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். எமரல்ட் ஹில், கேர்ன்ஹில் போன்றவை குடியிருப்பு வரலாற்று வட்டாரங்கள். ஜூ சியாட், கேலாங், ஜாலான் புசார் போன்றவை இரண்டாம் நிலைக் குடியேற்றப் பகுதிகள். அங்கே முன்பகுதியைக் காத்துக்கொண்டு, பின்புறம் உயரமான புதிய பகுதியைச் சேர்க்க இடமுண்டு. தனி பங்களாக்கள் நான்காவது வகை.

நிலம் குறைந்த நாட்டில் இது ஒரு சமரசம். எல்லாவற்றையும் காப்பது, எல்லாவற்றையும் இடிப்பது ஆகிய இரண்டுக்கும் நடுவே, எந்தத் தெருவில் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்று நாடு முழுவதும் 100க்கு மேற்பட்ட பகுதிகளில் 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இந்த எண்ணிக்கை எளிதில் வந்துவிடவில்லை. 1960களிலும் 1970களிலும் நகரின் நடுப்பகுதியில் பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. அன்றைய கண்களுக்கு அவை நெரிசலும் நோயும் மிகுந்த இடங்கள். ஒரே கடைவீட்டில் பல குடும்பங்கள் தடுப்புகளுக்குள் வாழ்ந்தன. வீவக வீடு கிடைத்துச் சென்றவர்களுக்கு அது விடுதலையாகவே இருந்தது. பழையதை இடித்தவர்களைத் திட்டுமுன் இதையும் நினைத்துப் பார்ப்பது நியாயம்.

1980களில் மனநிலை மாறத் தொடங்கியது. 1983ல் சுற்றுப்பயணிகள் வருகை குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். எங்கும் காணக்கூடிய உயர்ந்த கட்டடங்களைப் பார்க்க யார் விமானம் ஏறுவார்கள் என்ற கேள்வி எழுந்தது. 1986ல் பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தஞ்சோங் பகாரில் அரசாங்கமே 32 கடைவீடுகளை முன்மாதிரியாகச் சீரமைத்துக் காட்டியது. 1989ல் முதல் பத்து வட்டாரங்கள் அரசிதழில் இடம்பெற்றன.

இழந்தது, காத்தது

பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு இந்த மறுஆய்வு எதுவும் கிடையாது. அதனால் எந்தக் கட்டடம் பட்டியலில் ஏறுகிறது என்பதே முதல் போராட்டம்.

ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் 1960ல் திறக்கப்பட்ட தேசிய நூலகம் நல்ல எடுத்துக்காட்டு. சிவப்புச் செங்கல் கட்டடம். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் தேர்வுக்குப் படித்த இடம். ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்கு வழிவிட அது இடிக்கப்படும் என்று தெரிந்தபோது, நாளிதழ்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. கட்டடக் கலைஞர்கள் மாற்றுத் திட்டங்களை வரைந்து காட்டினார்கள். ஆனாலும் 2004ல் நூலகம் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அதன் நுழைவாயில் தூண்கள் இரண்டு மட்டும் இன்று அங்கே நிற்கின்றன.

புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடே சாலை அமைக்கப்படும் என்று 2011ல் அறிவிக்கப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. சாலை வந்தது. ஆனால் அதற்குமுன், அகற்றப்படவிருந்த கல்லறைகளை ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தினார்கள். தன்னார்வலர்கள் பொதுமக்களை அழைத்துச்சென்று அங்கு உறங்குபவர்களின் கதைகளைச் சொன்னார்கள். காக்க முடியாத இடத்திலும் பதிவு செய்ய முடியும் என்பது அந்த அனுபவம் தந்த பாடம்.

நவீனக் கட்டடங்களின் கதை இன்னும் சிக்கலானது. 1976ல் கட்டி முடிக்கப்பட்ட, குதிரைலாட வடிவிலான பேர்ல் பேங்க் அடுக்குமாடி 2018ல் ஒட்டுமொத்தமாக விற்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. பீச் ரோட்டிலுள்ள கோல்டன் மைல் காம்ப்ளக்ஸ் 2021 அக்டோபரில் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. பல உரிமையாளர்களைக் கொண்ட இவ்வளவு பெரிய கட்டடம் இங்கு பாதுகாக்கப்பட்டது அதுவே முதல்முறை. அதை வாங்குபவர் நட்டப்படாமல் இருக்கக் கூடுதல் தளப்பரப்பு போன்ற சலுகைகளை ஆணையம் முன்வைத்தது. 2022ல் அது 700 மில்லியன் வெள்ளிக்கு விலைபோனது. காக்கச் சொன்னால் மட்டும் போதாது, காப்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்றும் சொல்ல வேண்டும் என்பதை அந்தச் சலுகைகள் காட்டின.

முடிவெடுக்கும் அறையில் யார்?

கடைவீட்டுச் சன்னல் போன்ற தனிப்பட்ட விண்ணப்பங்களை இங்கே ஆணையத்தின் அதிகாரிகள் நெறிமுறைகளின்படி பரிசீலிக்கிறார்கள். பொதுவாக அதற்குப் பொது விசாரணை நடப்பதில்லை. முடிவு பிடிக்காவிட்டால் விண்ணப்பதாரர் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அமெரிக்காவின் பல நகரங்களில் நடைமுறை வேறு. தென் கரோலைனா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரம் 1931ல் வரலாற்று வட்டாரம் ஒன்றை வகுத்து, அங்கு மாற்றங்களை ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. அந்த நாட்டில் அதுவே முதல் முயற்சி. இன்று அத்தகைய குழுக்கள் கூடும்போது உரிமையாளர் தம் வரைபடத்தை எல்லார் முன்னிலையிலும் விளக்குகிறார். அண்டை வீட்டார் எழுந்து ஆதரித்தோ எதிர்த்தோ பேசலாம்.

அந்த முறையின் பலத்தை நியூயார்க் சோதித்துப் பார்த்தது. அங்கே பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963ல் இடிக்கப்படத் தொடங்கியது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1965ல் நினைவுச்சின்னச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் 50 மாடிக்கும் உயரமான அலுவலகக் கோபுரம் எழுப்ப அதன் உரிமையாளரான ரயில் நிறுவனம் விரும்பியபோது, நகரின் ஆணையம் மறுத்தது. எங்கள் சொத்தை எங்கள் விருப்பப்படி பயன்படுத்தவிடாமல் தடுப்பது அதைப் பறிப்பதற்குச் சமம் என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரின் பக்கம் நின்றது. நிலையம் இருந்தபடியே இயங்கி வருமானம் தர முடியும், கட்ட முடியாமல்போன உயரத்துக்கான உரிமையை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, ஆகவே இது பறிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

பொது விசாரணைக்குக் குறைகளும் உண்டு. நேரமும் பேச்சுத்திறனும் உள்ளவர்களின் குரலே ஓங்கி ஒலிக்கும். வாடகைக்கு இருப்பவரும், இரவு வேலைக்குப் போகிறவரும் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். முடிவும் தாமதமாகும். நெறிமுறைகளை எழுதிவைத்து அதிகாரிகள் முடிவெடுக்கும் முறையில் வேகமும் சீர்மையும் கிடைக்கும். ஆனால் முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் தெரியாது.

சிங்கப்பூரில் பொதுமக்களின் குரலுக்கு வேறு வழிகள் உண்டு. 2002ல் பல துறையினரைக் கொண்ட பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 2018ல் அதன் இடத்தில் மரபுடைமை, அடையாளப் பங்காளித்துவக் குழு வந்தது. நாட்டின் பெருந்திட்டம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும்போது அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அண்மைய வரைவு 2025 ஜூனில் வைக்கப்பட்டது. வரைவு பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் யாரும் கருத்துச் சொல்லலாம்.

கோயிலுக்கு எந்த விதி?

நம் சமூகத்துக்கு நெருக்கமான இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 1827ல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1973ல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட எட்டுத் தேசிய நினைவுச்சின்னங்களில் ஒன்று. பகோடா ஸ்திரீட் என்ற தெருப்பெயரே அதன் கோபுரத்தால் வந்தது. தேசிய நினைவுச்சின்னத்தில் மாற்றம் செய்யத் தேசிய மரபுடைமைக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும்.

ஆனால் கோயில் என்பது அருங்காட்சியகம் அன்று. ஆகம மரபில் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும். சிற்பங்கள் பழுதுபார்க்கப்படும், வண்ணங்கள் புதிதாகத் தீட்டப்படும். அடுத்த தலைமுறை வேறொரு வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கட்டடத்தை ஒரு காலத்தில் நிறுத்திவைப்பது பாதுகாப்பு என்றால், புதுப்பித்துக்கொண்டே இருப்பது வழிபாடு. 2023 பிப்ரவரி 12ஆம் தேதி அந்தக் கோயிலில் நடந்த குடமுழுக்குக்குமுன் செய்யப்பட்ட திருப்பணிகள் இவ்விரண்டையும் இணைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

டேங்க் ரோட்டிலுள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. நகரத்தார் 1859ல் எழுப்பிய பழைய கோயில் அகற்றப்பட்டு, இப்போதுள்ள கட்டடம் 1983ல் நிறைவுபெற்றது. 2014ல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டபோது கட்டடத்தின் வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. அங்கே காக்கப்படுவது கல்லின் வயது மட்டுமா, அல்லது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே இடத்தில் தைப்பூசக் காவடிகள் வந்து சேர்கின்ற தொடர்ச்சியா? உங்கள் பதில் எதுவோ, அதுவே மரபுடைமை என்ற சொல்லுக்கு நீங்கள் தரும் பொருள்.

சுவர் நிற்கிறது, மனிதர்கள் எங்கே?

இந்த மறுஆய்வு முறையால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. அது சன்னலைக் காக்கும், சன்னலுக்குப் பின்னால் இருப்பவரைக் காப்பது கடினம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் அந்த வட்டாரத்துக்குள் இருக்கின்றன. புதிய கட்டடங்கள் 18 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்ற வரம்பு அங்கே உண்டு. பட்டியலில் இடம்பெற்ற வேளையில் திட்டமிடப்பட்டிருந்த உயரமான ஹோட்டல்கள் பெரும் சர்ச்சையாகி, 2009ல் யுனெஸ்கோ நிபுணர்கள் நேரில் வந்து ஆராயும் அளவுக்குப் போனது. உயரத்தை அளக்க மீட்டர் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நீக்கம் 2000 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தபோது, பல தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் அங்கு வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறத் தொடங்கிவிட்டன. அதை அளந்து தடுக்க எந்த விதியும் இல்லை.

சிங்கப்பூரிலும் 1947ல் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 2001ல் முடிவுக்கு வந்தது. கட்டுப்பாடு இருந்தவரை, கிடைக்கும் சொற்ப வாடகையில் கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளர்களுக்கு மனம் வரவில்லை. கட்டுப்பாடு போனதும் கட்டடங்கள் பொலிவு பெற்றன, வாடகையும் ஏறியது. கோல்டன் மைல் காம்ப்ளக்ஸ் காப்பாற்றப்பட்டது, ஆனால் அதைக் குட்டித் தாய்லாந்து என்று அழைக்கவைத்த கடைக்காரர்கள் 2023ல் காலிசெய்ய வேண்டியிருந்தது.

லிட்டில் இந்தியாவில் இதை நாம் அன்றாடம் பார்க்கலாம். பூ கட்டும் கடை, மாவு அரைக்கும் மில், சேலைக் கடை என்று அந்த வட்டாரத்துக்கு மணமும் குரலும் தருபவர்கள் யாரும் கட்டட வரைபடத்தில் இல்லை. வரலாற்று வட்டாரங்களின் மையப் பகுதிகளில் கீழ்த்தளத்தில் எத்தகைய தொழில்கள் நடக்கலாம் என்பதில் ஆணையம் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. அதனால் பொருந்தாத தொழிலைத் தடுக்க முடியும். மல்லிகை கட்டத் தெரிந்த ஒருவரை அடுத்த தலைமுறையில் உருவாக்க முடியாது. அந்த வேலை நம்முடையது. பொருள் வாங்கும் நாம், கடையை ஏற்று நடத்த முன்வரும் பிள்ளைகள், நியாயமான வாடகை கேட்கும் உரிமையாளர்கள் எல்லாருக்கும் அதில் பங்குண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பாதுகாக்கப்பட்டதா என்பதை ஆணையத்தின் இணைய வரைபடத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால், அது பட்டியலில் ஏறத் தகுதியானதா என்று நீங்களே மதிப்பிடுங்கள்.

‘எனக்குப் பிடிக்கும்’, ‘சின்ன வயதில் அங்கே விளையாடினேன்’ என்பவை நல்ல உணர்வுகள். ஆனால் ஒரு மறுஆய்வில் அவை மட்டும் எடுபடா. நான்கு கேள்விகளுக்குச் சான்றோடு விடை எழுதிப் பாருங்கள். கட்டடக்கலையில் அதன் சிறப்பு என்ன? அதைப்போல் வேறு எத்தனை எஞ்சியுள்ளன? அங்கே எந்த வரலாறு நடந்தது, எந்தச் சமூகத்துக்கு அது முக்கியம்? அது இல்லாவிட்டால் அந்தத் தெரு எப்படி இருக்கும்? ஐந்தாவதாக, எதிர்த்தரப்பின் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் காத்தால் யாருக்கு இழப்பு, அந்த இழப்பை எப்படி ஈடுகட்டலாம்?

இதற்கு முதியவர்களிடம் பேச வேண்டியிருக்கும். பழைய படங்களைத் தேட வேண்டியிருக்கும். அங்கேதான் தமிழ் படிக்கும் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. கடைக்காரத் தாத்தாவிடம் அவர் மொழியில் பேசி, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள உங்களால் முடியும். ஆங்கிலத்தில் மட்டும் தேடுபவருக்குக் கிடைக்காத சான்று அது.

பிறகு அந்தச் சன்னலுக்கு வருவோம். உங்கள் பெற்றோர் அலுமினியச் சன்னலைக் கைவிட்டு, மரச் சன்னலைப் பழுதுபார்க்கச் சம்மதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவு அதிகம். தெருவில் நடப்பவர்கள் அண்ணாந்து பார்த்து ரசிப்பார்கள், கட்டணம் எதுவும் கொடுக்க மாட்டார்கள். எல்லாரும் அனுபவிக்கும் ஒன்றுக்கு ஒரு குடும்பம் மட்டும் செலவழிப்பது நியாயமா? வரிப்பணத்தில் அதற்கு உதவ வேண்டுமா? பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற பெயரால் கூடும் மதிப்பே போதுமான ஈடா? வருங்காலத்தில் பெருந்திட்ட வரைவுகளுக்குக் கருத்து எழுதப்போவது உங்கள் தலைமுறை. இந்தக் கேள்விக்கு விடை தேட இப்போதே தொடங்கலாம்.

வகுப்பில் பேசிப் பார்க்கலாம்

1. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதும் புதிதாகக் கட்டினால் அது பாதுகாப்பு ஆகுமா?

2. தனிப்பட்ட விண்ணப்பங்களுக்குச் சிங்கப்பூரிலும் பொது விசாரணை வேண்டுமா? ஆதரித்து மூன்று காரணங்களும் எதிர்த்து மூன்று காரணங்களும் தருக.

3. வீவக அடுக்குமாடிகளுள் எதையேனும் பாதுகாக்க வேண்டுமானால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஏன்?

சொல் அறிவோம்

கடைவீடு: கீழே வணிகமும் மேலே குடியிருப்புமாக, வரிசையாகக் கட்டப்பட்ட கட்டடம்.

காற்றுக்கிணறு: கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விடப்படும் திறந்தவெளி.

பொதுச்சுவர்: அடுத்தடுத்த இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர்.

அரசிதழில் அறிவித்தல்: அரசாங்கத்தின் முடிவைச் சட்டப்படி அதிகாரபூர்வமாக வெளியிடுதல்.